கேட்டுவிட்டுத் தொடுங்கள்: மருத்துவ மாணவர்களும் நோயாளர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வைத்தியசாலை வாட்டுகளில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் தமிழ் வைத்தியர்களில் நானும் ஒருவர். மாணவர்கள் சில கேள்விகள் கேட்பார்கள், பிள்ளையை மருத்துவ பீடத்துக்கு அனுப்பிய பெற்றோர் சில கேட்பார்கள், கட்டிலில் படுத்தபடி நோயாளர்களும் சில கேட்பார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது இலங்கைச் சட்டம். வெளிநாட்டு விஷயம் வரும்போது நாட்டின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒழுக்கநெறி பற்றி மருத்துவ மாணவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

முதலாம் ஆண்டு மாணவரைக் கேட்டால் பதில் தெளிவாக வரும். நோயாளரிடம் பொய் சொல்லக்கூடாது, ரகசியம் காக்க வேண்டும், அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, ஏழை பணக்காரர் பார்க்கக்கூடாது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். உடற்கூற்றியல் கூடத்தில் தானமாக வந்த உடலின் முன் முதல் நாள் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வாட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் போன பிறகு அதே மாணவரிடம் கேளுங்கள். அப்போதும் அதே பதிலைத்தான் சொல்வார். ஆனால் காலை வாட்டில் அவர் செய்வது வேறாக இருக்கும். போர்வையை விலக்கிவிட்டு அதன் பிறகு "வயிற்றைப் பார்க்கலாமா அம்மா" என்பார். சில நாளில் அதையும் கேட்க மறந்துபோவார். பரீட்சைத் தாளில் நோயாளரின் சுயாதீனம், அதாவது தன் உடம்பைப் பற்றித் தானே தீர்மானிக்கும் உரிமை, பற்றி இரண்டு பக்கம் எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்பார். இந்த இடைவெளிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மாணவர்களின் மனப்பாங்கைக் கேள்வித்தாள் கொடுத்து அளக்கும் ஆய்வுகளை நான் எச்சரிக்கையோடு வாசிப்பதும் இதனால்தான். தாளில் எழுதும் கையும் போர்வையை விலக்கும் கையும் ஒன்றேதான் என்றாலும், இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அப்படியென்றால் வாட்டில் என்னதான் நடக்கிறது?

மேலைநாட்டு மருத்துவக் கல்வியாளர்கள் 1990-களிலிருந்து இதை மறைமுகப் பாடத்திட்டம் என்று சொல்லிவருகிறார்கள். விரிவுரையில் ஒன்று சொல்லிக்கொடுக்கப்படும், நடைமுறை இன்னொன்றைச் சொல்லிக்கொடுக்கும். மாணவர் நடைமுறையைத்தான் பிடித்துக்கொள்வார்.

ஒரு சாதாரணக் காலையை எடுத்துக்கொள்வோம். வாட்டுக்குப் பொறுப்பான விசேட வைத்தியர், கன்சல்டன்ட் சேர், வருகிறார், பின்னால் அவருக்குக் கீழுள்ள வைத்தியர்களான ரெஜிஸ்ட்ரார், ஹவுஸ் ஒபிசர், பிறகு மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் தாதி, அதற்கும் பின்னால் மாணவர் கூட்டம். ஒரு மாணவி நேற்று எடுத்த ஹிஸ்டரியை, நோயாளியிடம் கேட்டறிந்த நோய் வரலாற்றை, சொல்கிறாள். மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தாயா என்று சேர் கேட்கிறார். இல்லை என்றால் எல்லோர் முன்னாலும் ஏச்சு. அந்த நோயாளியிடம் உன் பெயரைச் சொன்னாயா, அவர் சம்மதித்தாரா, வலித்ததா என்று யாரும் கேட்பதில்லை. தன்னிடம் எது கேட்கப்படுகிறதோ அதற்குத்தான் மாணவி அடுத்த நாள் தயாராகி வருவாள். ஐந்து வருடம் இப்படிப் போனால் எந்தப் பாடம் பதியும் என்று நீங்களே யோசியுங்கள்.

அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளர் மீதான பரிவு மூன்றாம் வருடத்தில்தான் குறையத் தொடங்குகிறது என்று கண்டது. நோயாளரை நேரில் பார்க்கத் தொடங்கும் வருடம் அது. அந்தச் சரிவு மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டவர்களும் உண்டு. சரிவு எவ்வளவு என்பதில் எனக்கு அக்கறை குறைவு. அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் நிற்கும் ஆசிரியர்கள் நாங்கள்.

பகிடிவதையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1998-ன் 20-ம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. தனக்குக் கீழே இருப்பவரை அவமானப்படுத்தலாம் என்று முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்ட பிள்ளை, வாட்டில் தனக்குக் கீழே படுத்திருப்பவரை எப்படிப் பார்க்கும்?

இலவசமாக வைத்தியம் பெறுகிறார்கள். மாணவர்கள் படிக்க இடம் கொடுப்பது நோயாளர்களின் கடமைதானே?

இந்தக் கேள்வியை மாணவர்களும் கேட்கிறார்கள், படித்த பெற்றோரும் கேட்கிறார்கள். கொழும்பில் மாணவர்–நோயாளர் உறவில் பிழையாகப் போகும் பல விஷயங்களுக்கு வேர் இந்த எண்ணம்தான் என்பது என் அபிப்பிராயம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தேசிய வைத்தியசாலையில், நம் ஆட்கள் சொல்லும் பெரியாஸ்பத்திரியில், கட்டிலுக்குப் பணம் இல்லை. உண்மைதான். ஆனால் அது யாருடைய தர்மமும் கிடையாது. இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பகுதி மறைமுக வரி. கிராண்ட்பாஸில் மூட்டை தூக்கும் ஒருவர் சீனி, சவர்க்காரம், போன் ரீலோட் என்று வாங்கும் ஒவ்வொன்றிலும் வரி கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தில்தான் வாட்டும் நடக்கிறது, மாணவர்களின் இலவசக் கல்வியும் நடக்கிறது. கணக்குப் பார்த்தால் கடன்பட்டிருப்பது மாணவர்தான்.

நோயாளர்களுக்கு இது தெரியாது. "வேண்டாம்" என்றால் மருந்து தரமாட்டார்களோ, மிஸ்ஸி கோபிப்பாரோ, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தோடு தலையாட்டுவதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். பணம் கட்டித் தனியார் வைத்தியசாலையில் படுத்திருப்பவரைப் பத்து மாணவர்கள் சுற்றி நிற்பதில்லை. அப்படியானால் மருத்துவக் கல்வியின் பாரம் முழுவதையும் வசதியில்லாதவரின் உடம்பு சுமக்கிறது. இதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஒரே நாளில் இதை மாற்ற முடியாது. ஆனால் அந்த மனிதரிடம் கேட்டுவிட்டுத் தொடுவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கேட்பது என்றால் எப்படி? உங்கள் பெயரைச் சொல்லுங்கள். மாணவர் என்று சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு நேரம் எடுக்கும், வலிக்குமா என்று சொல்லுங்கள். பிறகு முக்கியமானது: "நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் வைத்தியத்தில் ஒரு மாற்றமும் இருக்காது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே கையை நீட்டாமல் கொஞ்சம் பொறுங்கள். நோயாளர் உங்களைப் பார்க்காமல் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் அவருக்கு இன்னும் பயம் போகவில்லை. இன்னொருமுறை மெதுவாகக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கட்டிலுக்குப் போங்கள்.

எல்லோரும் "வேண்டாம்" என்றால் நாங்கள் எப்படிப் படிப்பது?

எல்லோரும் சொல்லமாட்டார்கள். ஒழுங்காகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். "பாருங்க மகள், படிச்சுட்டு நாலு பேரைக் காப்பாத்துங்க" என்று சொல்லும் அம்மாக்கள் எந்த வாட்டிலும் இருப்பார்கள். கேட்காமல் செய்துவிட்டு அந்த அன்பைப் பயன்படுத்திக்கொள்வதுதான் தவறு.

நல்ல முணுமுணுப்புச் சத்தம் உள்ள இதய நோயாளியை ஒரே நாளில் எத்தனை பேர் பார்க்கலாம்?

எண்ணிக்கை எழுதிவைத்த விதி எதையும் நான் சொல்லப்போவதில்லை. வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய ஓர் இளம்பெண் வாட்டில் இருக்கிறாள் என்ற செய்தி பரவினால், மத்தியானத்துக்குள் மூன்று குழு வந்துபோய்விடும். "நல்ல கேஸ்" என்பார்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, ஒவ்வொரு முறையும் சட்டையைத் தளர்த்தி இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்கிறார்கள். ஆறாவது ஆள் வரும்போது அவள் மறுக்கவில்லை என்றால், களைத்துப்போய்விட்டாள் என்றுதான் அர்த்தம்.

வழி இருக்கிறது. குழுவில் ஒருவர் முதலில் போய்க் கேளுங்கள். இன்று ஏற்கனவே யாராவது வந்தார்களா என்றும் கேளுங்கள். ஒருவர் பரிசோதிக்கும்போது மற்றவர்கள் நேரம் பார்த்து நிறுத்துங்கள். திரையை இழுங்கள். பரிசோதனை முடிந்ததும் சட்டையைச் சரிசெய்ய உதவிவிட்டு நன்றி சொல்லுங்கள். இறுதிப் பரீட்சையில் மாணவர்கள் பரிசோதிப்பதற்காக லோங் கேஸ், ஷோர்ட் கேஸ் என்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நோயாளர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். வருவதற்கு அவர்களும் ஒரு காரணம்.

மயக்கத்தில் இருக்கும் நோயாளரைப் பரிசோதித்துப் பழகலாமா?

முன்கூட்டியே, அவர் விழித்திருக்கும்போது, அந்தப் பரிசோதனைக்கென்றே சம்மதம் வாங்கியிருந்தால் மட்டும். சத்திரசிகிச்சைக்கு வைத்த கையொப்பம் மாணவரின் பயிற்சிக்குச் செல்லாது.

இங்கிலாந்தின் ஒரு மருத்துவக் கல்லூரியில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், மயக்க நிலையில் மாணவர்கள் செய்த அந்தரங்க உறுப்புப் பரிசோதனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு எந்தச் சம்மதமும் பெறப்பட்டிருக்கவில்லை என்று தெரியவந்தது. அமெரிக்காவில் இதற்கு எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று மத்திய அரசு வைத்தியசாலைகளுக்கு அறிவுறுத்தியது 2024-ல்தான். ஆகவே இதை ஏதோ நம் ஊர்க் குறை என்று நினைக்க வேண்டாம்.

டி சொய்சா, காசல் வீதி மகளிர் வைத்தியசாலைகளில் பயிற்சிக்குப் போகும் ஆண் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெண் "லேடி டொக்டர் இருந்தா நல்லம்" என்று சொன்னால் அது உங்களை அவமதிப்பதில்லை. முகம் சுளிக்காமல் விலகுங்கள். சம்மதித்தாலும் பெண் உதவியாளர் ஒருவர் கூட நிற்காமல் தொடங்காதீர்கள்.

எனக்குச் சிங்களம் சரியாக வராது. என் நண்பனுக்குத் தமிழ் வராது. இதற்கும் ஒழுக்கநெறிக்கும் என்ன சம்பந்தம்?

கொழும்பில் மிகப் பெரிய சம்பந்தம் உண்டு. நாங்கள் ஆங்கிலத்தில் படிக்கிறோம். நோயாளர் சிங்களத்திலோ தமிழிலோ வலியைச் சொல்கிறார். நடுவில் யார் நிற்கிறார்கள்? பெரும்பாலும் சுத்திகரிப்பு வேலை செய்யும் அக்கா, பக்கத்துக் கட்டில்காரர், இல்லையென்றால் நோயாளியின் பிள்ளை.

மட்டக்குளியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் பிரச்சினை. அவருடைய பன்னிரண்டு வயது மகன் சிங்களப் பாடசாலையில் படிப்பதால் அவனையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். மாதவிடாய் எப்போது, ரத்தம் எவ்வளவு, கணவரோடு உறவு எப்படி என்றெல்லாம் அந்தப் பிள்ளை கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா "ஒண்டுமில்லை" என்று முடித்துவிடுகிறார். டிக்கட்டில், அதாவது நோயாளரின் குறிப்பேட்டில், "குறிப்பிடத்தக்க வரலாறு இல்லை" என்று ஏறிவிடுகிறது. இப்படி ஒரு சூழலை எந்த வாட்டிலும் கற்பனை செய்து பார்க்கலாம். அதில் ரகசியம் போயிற்று, சம்மதம் போயிற்று, சரியான நோய்நிர்ணயமும் போயிற்று.

தமிழ் 1987-லேயே அரசியலமைப்பின் 13-ம் திருத்தத்தால் ஆட்சிமொழியாகிவிட்டது. காகிதத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறலோடு வரும் ஒருவருக்கு அந்த உரிமையை நடைமுறையில் தரக்கூடியவர், அவர் மொழியில் "எங்கே வலிக்குது" என்று கேட்கத் தெரிந்த ஒருவர்தான்.

தமிழ் மாணவர்களுக்கு நான் சொல்வது: யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கொழும்புக்கு வந்திருந்தால், முதல் இரண்டு வருடத்திலேயே சிங்களத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டரி எடுக்கும் அளவோடு நிறுத்தாமல், துக்கச் செய்தியை மெதுவாகச் சொல்லும் அளவுக்குப் படியுங்கள். சிங்கள நண்பர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். பதிலுக்கு அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிட்டால் சுருக்கிச் சொல்லாதீர்கள், உங்கள் அபிப்பிராயத்தைச் சேர்க்காதீர்கள், கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள். தமிழ் மாணவர்களை எல்லா வாட்டுக்கும் இதற்காக இழுப்பது ஒரு சுமைதான், அதை மறுக்கவில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்க வேண்டும் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1870-ல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் அவருடைய மாணவர்கள் வடக்கில் தமிழில் படித்துக்கொண்டிருந்தார்கள். இன்று ஆங்கிலத்தில் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோயை நோயாளரின் மொழியில் விளக்கும் ஆற்றலை ஒரு பாடமாக எடுத்து, பரீட்சையும் வைக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் கோரிக்கை.

"அம்மாவுக்கு கான்சர்னு சொல்லிடாதீங்க" என்று குடும்பம் கேட்டால்?

மாணவரான உங்களுக்கு நோயின் பெயரை முதலில் சொல்லும் பொறுப்பு இல்லை. அதைக் கன்சல்டன்டிடம் விடுங்கள். ஆனால் கட்டிலருகே அதிக நேரம் இருப்பது நீங்கள்தான் என்பதால் கேள்வி உங்களிடம் வரும்.

நம் குடும்பங்கள் இதைக் கேட்பது அன்பினால்தான். சொன்னால் மனம் உடைந்துவிடுவார், சாப்பிடமாட்டார் என்று பயப்படுகிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் மாதிரி நடத்தும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் நோயாளர் தனி ஆள். கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா நான்கு பிள்ளைகள், இரண்டு மருமக்கள், ஒரு தங்கச்சி ஆகியோரோடு சேர்ந்துதான் நோயாளி.

இருந்தாலும் மறைப்பது அநேகமாக நடவாத காரியம். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவுக்கு மாற்றுகிறோம் என்று சொன்ன அந்த நிமிடமே அவருக்குப் புரிந்துவிடும். 138-ம் இலக்க பஸ்ஸில் கூடவருபவர்களுக்கே புரியும். அதன் பிறகு அம்மா பிள்ளைகளுக்காகத் தெரியாதது மாதிரி நடிக்கிறார், பிள்ளைகள் அம்மாவுக்காக நடிக்கிறார்கள். வீட்டை யார் பெயருக்கு எழுதுவது, யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார், எங்கே இறக்க விரும்புகிறார் என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை.

நல்ல வைத்தியர்கள் செய்து நான் பார்த்தது இது. முதலில் குடும்பத்தைத் தனியே உட்காரவைத்து அவர்களுடைய பயத்தைக் கேட்பார்கள். பிறகு நோயாளரிடம் போய், "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடமே சொல்லவா, மூத்த மகனிடம் சொல்லவா?" என்று கேட்பார்கள். சிலர் "மகனிட்ட சொல்லுங்க டொக்டர், எனக்கு வேணாம்" என்பார்கள். அதுவும் அவருடைய தீர்மானம்தான், மதிக்க வேண்டும். குடும்பம் அவருக்காகத் தீர்மானிப்பதும், அவரே குடும்பத்திடம் விடுவதும் வேறு வேறு.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நேரடியாக "எனக்கு கான்சரா மகன்?" என்று கேட்கும் ஒருவரிடம் "அப்படி ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "இதை சேரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள். ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் அன்றே செய்யுங்கள்.

நோயாளரின் எக்ஸ்ரேயை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பெயர், கட்டில் இலக்கம், முகம், பச்சை குத்திய அடையாளம் எதுவும் தெரியக்கூடாது என்பது குறைந்தபட்சம். அதற்கும் மேலே சம்மதம் வேண்டும். உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் நிறைவேறியது. அது இல்லாவிட்டாலும் பதில் இதுதான்.

வாட்ஸ்அப்பை விட எனக்குப் பயம் வாயைப் பற்றித்தான். லிப்டில், கன்டீனில், பஸ்ஸில் பேசுகிறார்கள். கொழும்பு பெரிய நகரம் என்று நினைப்பீர்கள். தமிழ்க் கொழும்பு மிகவும் சிறியது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் நீங்கள் சொல்லும் கதையில் வரும் "அந்த ஐயா" யாரென்று பின்னால் நிற்பவருக்குத் தெரிந்திருக்கும்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. டெங்கு, காசநோய் போன்றவற்றைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் 1897-லிருந்து இருக்கிறது. அறிவிப்பது வைத்தியரின் வேலை, மாணவருடையது இல்லை.

நஞ்சு குடித்து வந்தவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் மீது எரிச்சல் வருகிறது. அது தவறா?

எரிச்சல் வருவது மனித இயல்பு, அதை நோயாளருக்குக் காட்டுவது தவறு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998-லிருந்து குற்றமில்லை. ஆனால் சில வாட்டுகளில் பேச்சு இன்னும் விசாரணை மாதிரித்தான் இருக்கிறது. "ஏன் குடிச்சனீங்க?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்கிறார்கள்.

1990-களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை வீதம் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கடும் நஞ்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. இது சொல்வது என்ன? கையில் கிடைத்த பொருள் அவ்வளவு கொடிய நஞ்சாக இல்லாதிருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். ஒரு கோபத்தில், ஒரு மாலை நேரத்தில் நடந்தது அது. பிழைத்து உங்கள் வாட்டில் கண்விழிக்கும் பிள்ளைக்கு முதலில் தெரியும் முகம் உங்களுடையதாக இருக்கலாம்.

என்னை "டொக்டர்" என்று கூப்பிட்டால் திருத்த வேண்டுமா?

ஆம். ஒவ்வொரு முறையும். "நான் இன்னும் படிக்கிறேன் ஐயா" என்று சொல்ல இரண்டு நொடி போதும்.

என் மகள் வாட்டுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இறுகிப்போய்விட்டாள். சாவைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுகிறாள். பயமாக இருக்கிறது.

தினமும் சாவைப் பார்ப்பவர் அதைப் பற்றிப் பேசும் விதம் மாறத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாம் விட்டுப்போகிறதா, நோயாளர்களைப் பற்றி வெறுப்போடு பேசுகிறாளா என்று கவனியுங்கள். முதல்முறை தான் ஹிஸ்டரி எடுத்த ஒருவர் மறுநாள் கட்டிலில் இல்லை என்று காணும் மாணவரிடம் யாரும் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்பதில்லை. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டில் புள்ளியைப் பற்றிக் கேட்கும் முன், இன்று யாரைப் பார்த்தாய் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

சீனியர் தவறு செய்வதைப் பார்த்தால் மாணவர் என்ன செய்ய முடியும்?

வாட்டு நடுவில் கன்சல்டன்டை எதிர்த்துப் பேசு என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் புள்ளி அவர் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் செய்யக்கூடியவை உண்டு. திறந்து கிடக்கும் திரையை நீங்கள் இழுக்கலாம். அவர் ஏசிவிட்டுப் போன நோயாளியிடம் திரும்பிப் போய், புரியாததை மெதுவாக விளக்கலாம். "இவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் சேர்" என்று பணிவாகச் சொல்லலாம். பெரும்பாலான சேர்மார் அதற்குக் கோபிப்பதில்லை. ஆபத்து என்றால், ஒரு மருந்து ஒவ்வாமை டிக்கட்டில் இருக்க அதே மருந்து எழுதப்படுகிறது என்றால், உடனே ஹவுஸ் ஒபிசரிடமோ மிஸ்ஸியிடமோ சொல்லுங்கள். அங்கே பயப்பட இடமில்லை.

பாலியல் சீண்டல், அடித்தல் போன்றவை வேறு வகை. பீடத்தில் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம், தேதி நேரத்தோடு எழுதிக்கொடுங்கள். தனியே போகாமல் இரண்டு பேராகப் போங்கள்.

வாட்டில் முகம் பார்க்காத டொக்டர், பணம் வாங்கித் தனியாகப் பார்க்கும் சனலில் சிரித்துப் பேசுகிறாரே, இதை மாணவர்கள் எப்படி எடுத்துக்கொள்வது?

அரசு வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. பலர் இரண்டு இடத்திலும் ஒரே மனிதராகத்தான் இருக்கிறார்கள். அப்படி இல்லாதவரைக் கண்டால், அவரை உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவுதான். வாட்டு நோயாளியைச் "சனலுக்கு வாங்க" என்று இழுப்பதும், ஒரு குறிப்பிட்ட மருந்துக்கடையைக் காட்டி அனுப்புவதும் தவறு. மருந்துக் கம்பனியின் மெடிக்கல் ரெப் தரும் பேனாவும் மதியச் சாப்பாடும் சின்ன விஷயமாகத் தெரியும். பேராசிரியர் சேனக பிபிலே 1970-களில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை முன்னின்று உருவாக்கிய நாடு இது. மருந்தின் வணிகப் பெயருக்குப் பதிலாக மூலப்பெயரை எழுதிப் பழகுவதை மாணவராக இருக்கும்போதே தொடங்குங்கள்.

சில முஸ்லிம் நோயாளர்கள் எங்களை முழுதாக நம்பத் தயங்குகிறார்கள். ஏன்?

ஏன் தயங்கமாட்டார்கள்? 2020-ல் கோவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது தொடர்ந்தது. பிறந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது, அதுவும் தூரத்தில் ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் நடந்ததால், அந்தக் காயத்தில் வெள்ளைக் கோட்டுக்கும் பங்கு இருக்கிறது. மருதானையிலிருந்து வரும் ஒரு வாப்பா உங்களிடம் இரண்டு முறை விளக்கம் கேட்டால், மூன்றாம் முறையும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் சட்டம், விதி ஏதாவது இருக்கிறதா?

உலக மருத்துவச் சங்கத்தின் 1948-ம் வருட ஜெனீவா பிரகடனம் வைத்தியர்கள் எடுக்கும் உறுதிமொழி. நோயாளரின் சுயாதீனத்தை மதிப்பது 2017-ல்தான் அதில் வெளிப்படையாகச் சேர்ந்தது. இங்கே மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபை வைத்தியர்களைப் பதிவுசெய்கிறது, ஒழுக்கநெறி வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது. நீதிமன்ற வழி கடினம். மூளைக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் கவனயீனம் இருந்ததை ஏற்றது. ஆனால் மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதால் நட்டஈடு கிடைக்கவில்லை.

நான் நோயாளி. மாணவர் ஒருவர் மோசமாக நடந்துகொண்டால் யாரிடம் சொல்வது?

முதலில் வாட்டின் பொறுப்புத் தாதியிடமோ கன்சல்டன்டிடமோ சொல்லுங்கள். அங்கே காது கொடுக்கவில்லை என்றால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாணவர்கள் இன்னும் பதிவுபெற்ற வைத்தியர்கள் இல்லை என்பதால், மருத்துவ சபைக்குப் போவதை விட அவருடைய பீடாதிபதிக்கு ஒரு பிரதி அனுப்புவது பலன் தரும். வாட்டு இலக்கம், தேதி, நேரம் குறித்து வையுங்கள். மாணவரின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அன்று எந்தக் குழு வந்தது என்று பீடத்துக்குத் தெரியும். வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போது முறையிடப் பயமாக இருந்தால், வீட்டுக்குப் போன பிறகும் எழுதலாம்.